“பார்த்து ஓடு” என்று சொன்ன நாள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதுதான் என் முதல் வேலை. மற்ற நாள்களில் வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருப்பவன் நான். கல்லூரியில் நூறு மீட்டர் ஓடியதைத் தவிர பயிற்சி கொடுக்க எனக்கு வேறு தகுதி கிடையாது. எங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் கிளைக்கு வந்தவர், “பசங்களோட நிக்க ஓர் ஆள் வேணும் சார், சும்மா நின்னாலே போதும்” என்றார். சும்மா நிற்கத்தான் போனேன். ஆறு வருடம் ஆகிவிட்டது.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் முதலில் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என் பேச்சைத்தான். முட்டியைத் தூக்கு, கையை வீசு, நேராகப் பார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம். அதையும் வாயால் சொல்லாமல் செய்துகாட்ட வேண்டும். விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்காக எல்லோருக்குமே கொடியசைத்துத் தொடங்க ஆரம்பித்தோம்.

யார் யார் வலிப்பு மாத்திரை போடுகிறார்கள் என்பது என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணம், உயரம் தாண்டுதல் இரண்டுமே கூடாது. இதெல்லாம் அந்த ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது.

பதினேழு வயதுப் பையன் ஒருவன். நல்ல கால்கள். ஆனால் முடிவுக் கோட்டுக்கு ஐந்தடி முன்பே வேகத்தைக் குறைத்து, கோட்டின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றுவிடுவான். கோடு என்றால் நிற்கும் இடம் என்று யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் கோட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டு, பத்து மீட்டர் தள்ளியிருந்த வேப்பமரத்தைக் காட்டி, “அதைத் தொட்டுட்டு வா” என்றேன். கோட்டை மிதித்துக்கொண்டு பறந்தான். மூன்று சனிக்கிழமை மரம், மரம் என்று சொன்னேன். நான்காவது வாரம் சொல்லாமலே தொட்டான்.

அந்த வருடம் மாவட்டப் போட்டிக்குப் போனோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டி அது. அதன் முறை பலருக்குத் தெரியாது. 1968-இல் சிகாகோவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிவைத்தது. பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. இங்கே முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். பிறகு வயதும் வேகமும் ஒத்து வருகிறவர்களாகப் பார்த்து, மூன்று பேரிலிருந்து எட்டுப் பேர் வரை ஒரு பிரிவாக இறுதிப் போட்டிக்கு விடுவார்கள். முதலில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி எளிய பிரிவில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதியும் உண்டு: முதலில் எடுத்த நேரத்தைவிட இறுதியில் 15 சதவீதத்துக்கு மேல் நேரம் குறைந்தால் தகுதி நீக்கம். எனக்கு அது மிகவும் பிடித்த விதி. 2023 பெர்லின் உலகப் போட்டியில் இந்தியா 202 பதக்கம் வென்றபோது கிளையில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். சும்மா ஆறுதலுக்குக் கொடுத்த பதக்கமில்லை, கடிகாரம் பார்த்துக் கொடுத்தது என்று.

அந்தக் காலையில் தடம் ஈரமாக இருந்தது. முந்தைய ஓட்டத்தில் ஒரு பெண் சறுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டேன். என் பையன் தொடக்கக் கோட்டில் நின்றபோது, “பார்த்து ஓடு, மெதுவா” என்று கத்திவிட்டேன். சொன்னதை அப்படியே கேட்டான். 20.4 விநாடி. மதியம் வெயிலில் தடம் காய்ந்துவிட்டது. இறுதியில் அவன் எப்போதும் ஓடுவதுபோல ஓடினான். 17.1. முதலில் வந்தவன் அவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், 16 சதவீதம். தகுதி நீக்கம். பங்கேற்றதற்கான ரிப்பன் ஒன்று கையில் வந்தது.

“ஜெயிச்சானே சார், நான் பார்த்தேனே” என்றார் அவன் அம்மா. விதியில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவன் என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் காதை விட்டுப் போகாத ஒரே வார்த்தை அந்தப் “பார்த்து”தான். பார்த்துப் போ, பார்த்து இறங்கு, பார்த்துக் குடி. காலையிலிருந்து இரவு வரை வீட்டிலும் தெருவிலும் அவன் கேட்பது அதைத்தான். அது இல்லாத இடமாக இந்த நூறு மீட்டர் மட்டுமாவது அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அங்கேயும் நான் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கிளையில் யாராவது “பாவம், அவங்களைப் போய் ஏன் விரட்டுறீங்க” என்று கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுருக்கென்கிறது.

அடுத்த வருடமும் அதே போட்டி. நேரம் எடுக்கும் முதல் ஓட்டம். அம்மா என் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொடி இறங்கியது. 16.9. அந்த மைதானத்தில் வேப்பமரம் கிடையாது. கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே போய், கடைசியில் இருந்த கம்பி வேலியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.