ஆய்வுகூடத் திறப்பு

உயர்தர உயிரியல் வகுப்பு. எலும்புக்கூட்டைக் காட்டிப் படிப்பித்துக்கொண்டிருந்த சேர், கழுத்தடிக்கு வந்ததும் பொக்கற்றில் இருந்து ஆய்வுகூடத் திறப்பை எடுத்துக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"திறப்பு" என்றோம். பின்வாங்கில் ஒரு குரல் மட்டும் "சாவி" என்றது. மலையகத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சேர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'கிளாவிஸ்' என்று எழுதினார். இலத்தீனில் திறப்புக்கு அதுதான் பெயராம். காறை எலும்பின் ஆங்கிலப் பெயரான 'கிளாவிக்கிள்' என்றால் சின்னத் திறப்பு. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றக் கையால் காறை எலும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பூட்டுக்குள் திறப்புத் திரும்புவதுபோல அந்த எலும்பு மெல்லச் சுழல்கிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

"அப்ப கராம்பு, க்ளோவ், அதுவும் இதிலையோ சேர்?" என்று நான் கெட்டித்தனம் காட்டினேன். "அது கிளாவுஸ். ஆணி. கராம்பு ஆணி மாதிரித்தானே இருக்கு, இரு" என்றார். இருந்தேன்.

இப்போது லண்டனில் ஒரு மருத்துவமனையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பகுதியில் வேலை. என் நாள் முழுக்க 'ஓட்டோகிளேவ்' உடன்தான். தானே பூட்டிக்கொள்வது என்று பொருள். 134 பாகை நீராவி, 3 நிமிடம்; உள்ளே அமுக்கம் இறங்கும்வரை கதவு திறக்காது. மகளின் பியானோக் கொப்பியில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சுருண்டு நிற்கும் 'கிளெஃப்' பிரெஞ்சுக்காரரின் திறப்பு.

2025 மே மாதம் போப்பரசரைத் தெரிவுசெய்ய 133 கர்தினால்கள் 'கொன்கிளேவ்' கூடியபோது, தேநீர் அறையில் எல்லாருக்கும் நான்தான் வாத்தியார். திறப்புப் போட்டுப் பூட்டும் அறை என்பதுதான் அந்தச் சொல். 1268இல் இத்தாலியின் வித்தெர்போவில் கூடிய கர்தினால்கள் ஏறத்தாழ 3 வருடம் இழுத்தடித்தார்கள். ஊர்ச்சனம் பொறுமை இழந்து அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் கூரையையும் கழற்றியது. 1271இல் தெரிவான பத்தாம் கிரகரி, 1274இல் பூட்டிவைப்பதையே சட்டமாக்கினார். பட்டறிவு!

அதையெல்லாம் தேடி வாசித்தபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. சாவி தமிழ்ச் சொல்லே அல்ல. கிளாவிஸ் போர்த்துக்கேயரின் வாயில் 'ஷாவெ' ஆகி, தமிழுக்கு வந்து சாவி ஆகியிருக்கிறது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களிடம் இருந்து கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். திறப்பை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. அன்று அந்த வகுப்பில் கிளாவிஸுக்குச் சொந்தக்காரச் சொல்லைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

வட்ஸ்அப்பில் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாப்பது வருசம் கழிச்சு மார்க் போடுறியா?" என்றான்.