டி ரெக்ஸோட வாலைப் பத்தி கொஞ்சம் பேசலாம்

டி ரெக்ஸ்னாலே எல்லாரும் பல்லு, அந்தக் குட்டிக் கை, இதைப் பத்தியே பேசுறாங்க, எனக்கு என்னவோ வால் மேல தான் கண்ணு. பேலன்ஸுக்குத் தான் வால்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுவும் உண்மை தான், ஆனா காலைப் பின்னாடி இழுத்து உடம்பை முன்னாடி தள்ளுற பெரிய தசையே வாலுக்குள்ள தான் இருந்துச்சு.

காடோஃபெமொராலிஸ்னு பேரு. வால் எலும்போட பக்கவாட்டுல கிளம்பி தொடை எலும்புக்குப் பின்னாடி வந்து ஒட்டும், ஒட்டுற இடத்துல எலும்புல ஒரு மேடு, நாலாவது ட்ரொகான்டர்னு சொல்வாங்க. தசை மண்ணுக்குள்ள அழிஞ்சு போயிடும், அந்த மேடு கல்லாகி நிக்குது பாருங்க, தசை இருந்துச்சுன்னு காட்ட அது போதும்! முதலைக்கு இன்னிக்கும் இதே தசை இருக்கு. 2011ல ஸ்காட் பெர்சன்ஸ், பிலிப் கரினு ரெண்டு டைனோசர் ஆராய்ச்சியாளர்கள் இப்போ இருக்கிற ஊர்வனங்களோட வாலை அறுத்துப் பார்த்து, அதை வச்சு டி ரெக்ஸ் வாலை கம்ப்யூட்டர்ல கட்டுனாங்க, அதுவரைக்கும் நினைச்சதை விட தசை ரொம்பவே அதிகம்னு தெரிஞ்சுது. ஒல்லி வாலோட வரையுற படத்தைப் பார்த்தாலே எனக்குக் கோவம் வரும்.

டைனோசர் வழியில வந்த பறவைங்க கதை வேற. வால் எலும்பு குறுகிப்போச்சு, தசையும் சுருங்கிடுச்சு, அதனால கோழி தொடையை கிட்டத்தட்ட படுக்கையா வச்சுக்கிட்டு முழங்காலை மடக்கி மடக்கி நடக்குது. 2014ல சிலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் குஞ்சுங்களுக்கு செயற்கை வால் மாட்டி வளர்த்தாங்க, தசை எதுவும் கூடல, எடை மட்டும் பின்னாடி போச்சு, அதுக்கே தொடை நிமிர்ந்து அசைவு இடுப்புல இருந்து வர ஆரம்பிச்சிடுச்சு. எவ்வளவு அருமையான சோதனை!

பெல்ஜியத்துல 1878ல கிடைச்ச இகுவானோடான்ங்கிற இன்னொரு டைனோசரோட எலும்புக்கூட்டை கங்காரு மாதிரி வால் ஊனி நிக்க வச்சாங்க, ஆனா அந்த வால்ல தசைநாண் எல்லாம் எலும்பாவே மாறியிருக்கு, உடைச்சா தவிர அப்படி வளையாது. டைனோசர் கால்தடங்கள் பக்கத்துலயும் வால் தரையில இழுபட்ட கோடு அபூர்வமா தான் இருக்கு.

வேகம்? டி ரெக்ஸ் நடக்கும்போது வால் மேலயும் கீழயும் ஆடுற தாளத்தை வச்சு 2021ல நெதர்லாந்துல கணக்கு போட்டாங்க, மணிக்கு சுமார் 4.6 கிலோமீட்டர், நாம நடக்குற வேகம் தான். ஓட்டம்னு வந்தா, வளர்ந்த டி ரெக்ஸ் படுவேகமா ஓடுறதுக்குத் தேவையான தசை அந்தக் கால்ல அடங்கவே அடங்காதுன்னு 2002லயே ஜான் ஹட்சின்சன், மரியானோ கார்சியானு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிட்டாங்க, எடை கம்மியா நீட்டுக் காலோட இருந்த குட்டிங்க தான் வேகமா ஓடியிருக்கும்.