மஞ்சள் கம்பத்துக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் ஆடு மேய்க்க நல்ல இடம் எது என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் "கேஸ் லைன்" என்பார்கள். மலேசியாவில் செகாமட் பக்கம் ஒரு தோட்டத்து ஊர். பெயரைச் சொன்னால் எந்தக் கோவில், எந்தத் தலைவர் என்று நாளைக்கே வாட்சாப்பில் வந்துவிடும், அதனால் வேண்டாம். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் மரமே இல்லாமல் வகிடு எடுத்த மாதிரி ஒரு புல்தரை நீளமாகப் போகும். அங்கங்கே மஞ்சள் கம்பம். நாங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் குறுக்குவழியாக நடந்ததும் அதில்தான், சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடியதும் அதில்தான். இரண்டு கம்பம் பக்கம் பக்கமாக இருந்த இடத்தில் அதுவே கோல் போஸ்ட். கம்பத்தில் மலாயில் "அவாஸ்" என்று எழுதியிருந்ததை நாங்கள் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறோம், எதற்கு "கவனம்" என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்பாவுக்குத் தெரியும். அவர் அப்போது தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. 1990 வாக்கில் குழாய் பதிக்க வந்தபோது அந்த வழியில் இருந்த மரங்களைச் சாய்த்தது இவருடைய ஆட்கள்தான். இரும்புக் குழாய்களை மண்மூட்டை மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்களாம், சின்னக் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்து பற்றவைத்தார்களாம், மழை வந்தால் குழியெல்லாம் குளமாகிவிடுமாம். "நான் அந்தக் குழியில் இறங்கி நின்றிருக்கேன்மா, என் தலை வெளியே தெரியாது" என்பார். இதை ஒரு வீரக் கதை மாதிரி நூறு தடவை கேட்டிருக்கிறேன், அது இன்னும் அங்கேயே கிடக்கிறது, உள்ளே இருபத்து நான்கு மணி நேரமும் காஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவைகூட மனதில் பட்டதில்லை.

கொஞ்சம் பெரிய படத்தைச் சொல்லிவிடுகிறேன். திரெங்கானு கடலிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவைக் கெர்த்தேயில் சுத்தம் பண்ணி நாடு முழுக்க அனுப்புகிற தீபகற்பக் குழாய்த்தடம் இது. முதல் கட்டம் 1984-இல் முடிந்தது, பிறகு செகாமட் வழியாகத் தெற்கே ஜொகூர் பக்கமும் மேற்கே கிள்ளான் பக்கமும் கிளை பிரிந்தது. மொத்தம் 2,500 கிலோமீட்டருக்கு மேல். மின்சார நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிற காஸ். நம் வீட்டு அடுப்புக்கு வருவது வேறு, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாவது நாள், காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் மேல். நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன், போன் விடாமல் அடித்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுபாங் ஜெயா புத்ரா ஹைட்ஸில் குழாய் வெடித்துத் தீ. நீங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். முப்பது மீட்டருக்கு மேல் எழுந்த நெருப்பு, வெப்பம் 1,000 டிகிரி வரை போனதாகச் சொன்னார்கள், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) கார்கள் மெழுகு மாதிரி உருகி நின்றன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன, 100 பேருக்கு மேல் காயம். ஒரு உயிரும் போகவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஜனங்கள் வெறுங்காலோடு ஓடிவந்து ஒதுங்கிய இடங்களில் பள்ளிவாசலும் உண்டு, காளியம்மன் கோவில் மண்டபமும் உண்டு. எங்கள் சித்தி மகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். அவள் போனை எடுக்கும் வரை இந்த வீட்டில் யாரும் இடியாப்பத்தைத் தொடவில்லை.

நெருப்பு மத்தியானம் மூன்றே முக்கால் வாக்கில்தான் அடங்கியது. வால்வை மூடியும் ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லோரும் பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையை, திட்டினார்கள், நானும் திட்டினேன். பிறகுதான் புரிந்தது. வால்வை மூடினாலும் இந்த வால்வுக்கும் அந்த வால்வுக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் குழாய் நிறைய காஸ் இருக்கிறது. அது எரிந்து தீரவேண்டும். தண்ணீரை அடித்து நெருப்பை மட்டும் அணைத்துவிட்டால் காஸ் எரியாமல் வெளியே வந்து பரவும், எங்கேயாவது ஒரு பொறி பட்டால் மறுபடியும் பிடிக்கும். அதனால் எரிய விட்டு, சுற்றி இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

அன்றிலிருந்து ஊர் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் இன்ஜினியர். "பேக்ஹோக்காரன் இடிச்சுட்டான்", அதாவது மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவன் குழாயை இடித்துவிட்டான் என்பதுதான் தீர்ப்பு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் தோண்டும் வேலை நடந்தது என்னவோ உண்மை. ஆனால் ஜூன் 30-ஆம் தேதி வெளியான விசாரணை அறிக்கை அதைக் காரணம் என்று சொல்லவில்லை. குழாய்க்குக் கீழே இருந்த மண் ஈரமாகி இளகிவிட்டது, தாங்க வேண்டிய மண் தாங்கவில்லை, குழாய் 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே, அதாவது ஒரு சாணுக்கு மேல், இடம் மாறியிருந்தது, திரும்பத் திரும்ப வந்த பளுவில் பற்றவைத்த இணைப்பு ஒன்று சோர்ந்து விட்டுப்போனது. நாசவேலையும் இல்லை என்றார்கள். இதைச் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன், "நீ என்ன அவங்க ஆளா" என்று கேட்டார்கள். சரி.

ஆனால் எனக்கு அந்த அறிக்கைதான் பேக்ஹோவைவிடப் பயமாக இருந்தது. பேக்ஹோ வந்தால் கண்ணுக்குத் தெரியும். மண் இளகுவது யாருக்குத் தெரியும்? தினமும் அந்தப் புல்லில் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அதாவது எங்கள் பெரியம்மாவுக்கும் அவருடைய பதினொரு ஆட்டுக்கும். தரை உள்வாங்கியிருக்கிறதா, முன்னே தண்ணீர் நிற்காத இடத்தில் இப்போது நிற்கிறதா, மழையில் மண் அரித்துக் குழாயே எட்டிப் பார்க்கிறதா, சுற்றிலும் பச்சையாக இருக்க ஒரு திட்டு மட்டும் புல் கருகிக் கிடக்கிறதா, சாக்கடையில் காரணமில்லாமல் குமிழி வருகிறதா. இதையெல்லாம் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை, எங்கே சொல்ல வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

இங்கே வாசனை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் "நாத்தம் வந்தா ஓடிடுவோம்" என்று தைரியமாக இருக்கிறார்கள். இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. அழுகிய முட்டை மாதிரி வருகிற அந்த நாற்றம் மெர்காப்டன் என்று மனிதன் வேண்டுமென்றே சேர்ப்பது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத காஸ் கசிந்து தேங்கி வெடித்தது, கிட்டத்தட்ட 300 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். நாற்றம் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் நீண்ட தூரம் போகிற பெரிய குழாய்களில் பல இடங்களில் இதைச் சேர்ப்பதில்லை, ஊருக்குள் பிரிகிற இடத்தில்தான் சேர்ப்பார்கள். ஆக கேஸ் லைனில் மூக்கை நம்பக்கூடாது. காதை நம்பலாம், உஸ்ஸென்று சீறும். கண்ணை நம்பலாம், மண் தூசி தானாகக் கிளம்பும்.

வீட்டில் இருக்கிற 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்), அதான் 26 வெள்ளி 60 காசு தோங், அது புரோப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் படுத்துக் கிடக்கும், அதனால்தான் கீழே இருக்கிற கதவைத் திற என்கிறோம். குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே போகும். வெட்டவெளியில் அது நல்லதுதான், மூடிய இடத்தில் கூரையடியில் சேர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வாட்சாப்பில் வருகிற அறிவுரையெல்லாம் பாதி தப்பு.

இப்போது கோவில் கதை. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கால்வாய் வெட்டிவிடலாம் என்று கமிட்டி முடிவு பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் பேக்ஹோ சொல்லியாகிவிட்டது, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை விளக்கு போடப் போனவள் சும்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். கோடு கோவில் வேலியைத் தாண்டிப் போய் மஞ்சள் கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஓடையில் முடிந்தது.

தலைவரிடம் போய், "அண்ணே, கேஸ் லைனைக் குறுக்கே வெட்டப் போறீங்களே, யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றேன். "நாலு அடிதான்மா வெட்டுறோம். அப்பா காலத்துலயே ஆள் உயரத்துக்குக் கீழே போட்டது" என்றார். அப்பாவின் வீரக் கதை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள். முப்பத்தைந்து வருடத்தில் எவ்வளவு மண் அரித்துப் போயிருக்கும், எவ்வளவு லோரி ஓடியிருக்கும், அன்றைக்கு ஆள் உயரம் என்பது இன்றைக்கும் ஆள் உயரமா? அதுவும் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே குழாய் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் என்று யார் சொன்னது.

அவர் கோபப்படவில்லை, ஆனால் முன்பணம் 300 வெள்ளி என்று மூன்று தடவை சொன்னார். நான் பெல்ஜியம் கதையைச் சொன்னேன். 2004-இல் கிலெங்கியென் என்ற இடத்தில் கட்டுமான வேலையில் ஒரு இயந்திரம் குழாயைக் கீறிவிட்டது. அப்போது ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ஒரு நாள் குழாயில் அழுத்தம் கூடியபோது அந்தக் கீறல் பிளந்தது. 24 பேர் இறந்துபோனார்கள், கசிவு என்று கேள்விப்பட்டு வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. இடித்த அன்றைக்கே வெடித்தால்கூட யார் பண்ணியது என்று தெரியும். கீறிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டால் திருவிழா அன்றைக்குக்கூட வெடிக்கலாம். திருவிழா என்றதும்தான் அண்ணன் முகம் மாறியது.

கம்பத்தில் இருந்த நம்பர் வெயிலில் பாதி அழிந்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்து ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டு, இரண்டாவது முயற்சியில் லைன் கிடைத்தது. சனிக்கிழமை யார் வருவார்கள் என்று நினைத்தேன், மூன்று மணிக்கு ஒரு வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் மேலும் கீழும் நடந்து சின்னச் சின்னக் கொடியாக நட்டார்கள். அந்த இடத்தில் குழாய் லேசாக வளைந்து கோவில் பக்கம் வருகிறது. நாங்கள் நினைத்ததைவிட ஆழமும் குறைவு. எவ்வளவு என்று கேட்டேன், சிரித்துவிட்டு "நாலு அடி வேண்டாம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். கால்வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வெட்டினார்கள், பேக்ஹோக்காரத் தம்பி கூடுதலாக ஒரு மணி நேரக் காசு வாங்கிக்கொண்டான். கம்பத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், "எல்லாத் தோட்டத்துலயும் இது இருக்குக்கா, யாரும் சொல்றதில்ல" என்றான்.

யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. போன வருடம் விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஒன்று நடந்தது. வேலை நாள், காலை பத்து மணி, தாமான் மண்டபம். தோட்டத்தில் வேலை செய்கிற யார் வர முடியும்? முழுக்க மலாயில் ஒன்றரை மணி நேரம், பெரியம்மா வயதுக்காரர்களுக்கு அதில் பாதி புரியாது, வந்தவர்களுக்கு ஒரு குடையும் ஒரு பை பிஸ்கட்டும். குடை நல்ல குடைதான். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பெரட்டு நேரத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் நேரத்தில், தோட்டத்தில் வைத்திருக்கலாம், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோவிலில் வைத்திருக்கலாம், பேக்ஹோ வாடகைக்கு விடுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம்.

சீறல் கேட்டால் என்ன பண்ணுவது என்று பெரியம்மா கேட்டார். ஆட்டை விட்டுவிட்டு ஓடுங்கள் என்றேன், அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து தூரமாகப் போக வேண்டும். மோட்டாரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது, அது நின்ற இடத்திலேயே கிடக்கட்டும். சிகரெட், லைட்டர் கூடாது, அங்கேயே நின்று போன் பேசவும் கூடாது, தள்ளி வந்த பிறகு 999. வீடியோ எடுக்கப் போகிறவனைக் காதைத் திருகி இழுத்து வர வேண்டும், அது பெரியம்மாவால் முடியும்.

கம்பத்து நம்பரை இப்போது கோவில் அறிவிப்புப் பலகையில் அபிஷேகக் கட்டணத்துக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கொடிகளை ஆடு தின்றுவிட்டது. அப்பா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. அந்தக் கருவி தப்பு, குழாய் இரண்டு அடி தள்ளித்தான் போகிறது, குழியில் நின்றது நானா அவனா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.