முகமூடி கட்டும் நேரம்

ஜப்பானில் ஃபுகுவோகாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இக்கி தீவுக்குப் போக இந்த டிசம்பரில்தான் வாய்த்தது. ஹகாதா துறைமுகத்தில் விசைப்படகு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போனது ககுரா பார்க்க, அதாவது ஷிண்டோ கோவில்களில் சாமிக்காக ஆடும் ஆட்டம்.

டிசம்பர் 20, சுமியோஷி கோவில். அன்றைக்கு நடப்பது இக்கி ககுராவிலேயே பெரியது: 33 ஆட்டம், ஆறேழு மணி நேரம். 1987இல் ஜப்பான் அரசு இதை நாட்டின் முக்கியமான நாட்டார் மரபாக அறிவித்தது. ஆனால் என்னை இழுத்தது வேறு. ஆடுவது, மேளம் அடிப்பது, குழல் ஊதுவது எல்லாம் தீவின் கோவில் பூசாரிகளே. வேறு யாரும் ஆட முடியாது.

முகமூடி ஆட்டம் என்று நினைத்துப் போனேன். நெடுநேரம் வெறும் முகத்தோடுதான் ஆடினார்கள். ஒருவர் இரண்டு உள்ளங்கையிலும் அரிசி வைத்த தட்டை ஏந்திக்கொண்டு சுழன்றார். கை தலைக்கு மேலே போகிறது, இடுப்புக்குக் கீழே வருகிறது, அரிசி அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அப்புறம் சருதாஹிகோ வந்தார். வழிகாட்டும் தெய்வம், சிவந்த முகம், நீண்ட மூக்கு. காலையில் வாசலில் எனக்கு வணக்கம் சொன்ன அதே பூசாரிதான் அது. மறைப்புக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து முகமூடிக் கயிற்றை இறுக்கிக் கட்டியதை நான் இருந்த மூலையிலிருந்து பார்க்க முடிந்தது. எழுந்து திரும்பியபோது நடையே வேறு. ஒவ்வொரு அடியும் பலகையில் அழுந்தி விழுந்தது.

பக்கத்தில் இருந்த பாட்டி சட்டென்று கைகூப்பித் தலை குனிந்தார். "பாட்டி, அவர் எந்த வீட்டைச் சேர்ந்தவர்?" என்று அப்புறம் மெல்லக் கேட்டேன். "அது இப்போது கேட்கிற கேள்வியா தம்பி? சாமி வந்திருக்கிறார்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் கைகூப்பினேன்.

கடைசிப் பகுதியில் குகைக் கதை. அமதெராசு என்ற சூரிய தேவி கோபித்துக் குகைக்குள் போய்விட, உலகம் இருண்டுவிடுகிறது. உஸுமே என்ற தேவி வெளியே ஆடுகிறாள், தேவர்கள் சிரிக்கிறார்கள், என்ன சத்தம் என்று சூரியன் எட்டிப் பார்க்கிறாள். ககுராவே அந்த ஆட்டத்தில் தொடங்கியது என்பார்கள்.

முடிந்ததும் கூட்டம் கலைந்தது. அந்தப் பூசாரி முகமூடியின் உட்புறத்து ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். இரண்டு கையாலும் அதை நெற்றிவரை உயர்த்தினார், பெட்டிக்குள் வைத்தார்.