ராஜேந்திர சோழனைத் தலைகீழாகத் தொங்கவிட்ட கதை

ஏர் இந்தியாவின் பழைய 747 விமானங்களுக்கெல்லாம் பேரரசர்கள் பெயர்தான். 1971-ல் முதலில் வந்தது அசோகர். நம்ம ராஜேந்திர சோழனுக்கும் ஒன்று இருந்தது: பதிவு எண் விடி-ஈபிஎன். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனை மாடம் மாதிரி சிவப்பு வளைவு இருந்தது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரான என் எஃப்எஸ்எக்ஸில் இலவசமாக இறக்கிய 747 ஒன்று வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் சோழன் விமானத்தின் வண்ணத்தை நாமே வரைந்துவிட்டால் என்ன?

முதல் வளைவுக்கு அரை மணி நேரம். மீதி எல்லாம் காப்பி பேஸ்ட்தானே என்று நினைத்தேன். கதவு வரும் இடத்திலெல்லாம் ஜன்னல் இடைவெளி மாறுகிறது. ஒரு வளைவு நகர்ந்தால் பின்னால் வருவதெல்லாம் கோணல். இரண்டு ராத்திரி போச்சு.

அப்பா முப்பது வருஷம் கடை போர்டு எழுதியவர். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சாக்பீஸ் தடவின நூலை இழுத்து ஒரு தட்டு தட்டியிருந்தா கோடு நேரா நின்னுருக்கும்" என்றார்.

முடித்துத் திறந்தால் விமானம் பட்டியலிலேயே இல்லை. விமானத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் வரிசை எண் போடும் கான்ஃபிக் ஃபைலில் பழையது 0 என்றால் புதியது 1. நான் 2 போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் இந்த சிமுலேட்டர் அடுத்ததைத் திரும்பியே பார்க்காது.

திருத்தினேன். வந்தது. இடப்பக்கப் படம் வலப்பக்கத்தில், எழுத்தெல்லாம் தலைகீழ், மாடங்கள் தரையைப் பார்த்து வவ்வால் மாதிரி. எஃப்எஸ்எக்ஸில் டிடிஎஸ் என்கிற வகைப் பட ஃபைலை மேல்கீழாகப் புரட்டித்தான் சேமிக்க வேண்டுமாம். சேமித்த பிறகுதான் இதெல்லாம் நமக்கு ஞாபகம் வரும்.

அவசரத்தில் புரட்டுவதற்குப் பதில் 180 டிகிரி சுழற்றிவிட்டேன். இரண்டும் ஒன்று இல்லை என்பது ரன்வேயில்தான் தெரிந்தது. மூக்கருகே எழுதிய 'எம்பெரர் ராஜேந்திர சோழா' வால் பக்கம் போய், கண்ணாடியில் பார்ப்பதுபோல் நின்றது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஆம்புலன்ஸுக்குத்தாண்டா இப்படித் திருப்பி எழுதுவோம். முன்னாடி போற பிளேன்காரன் கண்ணாடியில பாத்து வழி விடணுமா?"

மூன்றாவது முறை சரியாக வந்தது. மும்பை ஓடுபாதையில் சாயங்கால வெயில் மாடங்களில் பட்டபோது எனக்கே கொஞ்சம் கர்வம்தான். அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. "போர்டுன்னா ஓரத்துல எழுதினவன் பேர் வேணாமா?"

நியாயம்தானே. அவருடைய பழைய கடைப் பெயர், பக்கத்தில் 'ஆர்ட்ஸ்', கீழே அந்தக் காலத்து ஐந்து இலக்க ஃபோன் நம்பர். இடது ஓர இன்ஜினில் மட்டும் பொடி எழுத்தில் போட்டேன். அந்த மாடலில் நான்கு இன்ஜினுக்கும் ஒரே படம்தான் என்பதை மறந்துவிட்டேன்.

அப்பா ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நாலு போர்டு ஆச்சு. கூலி யாரு தருவா?"