ஏஜேபியைக் கைவிட்டபின் டாம்கேட்டுக்குத் தெரியாமல் போனவை

அப்பாச்சி என்ற வலைச் சேவையகத்தை முன்னால் நிறுத்தி, ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் சேவையகத்தை அதன் பின்னால் ஓட்டும் ஏற்பாட்டில், இரண்டும் பேசிக்கொள்ள பல ஆண்டுகளாக 8009 போர்ட்டில் ஏஜேபி நெறிமுறையையே பயன்படுத்தி வந்தேன். டாம்கேட்டை 9.0.31க்குப் பிந்தைய பதிப்புக்கு உயர்த்தி, அதன் பழைய அமைப்புக் கோப்பான 'சர்வர்.எக்ஸ்எம்எல்'லை அப்படியே கொண்டுபோய் வைத்த அன்று தளம் முழுவதும் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழை. கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2020இல் வெளிப்பட்ட பிறகு, ரகசியச் சொல் குறிப்பிடப்படாத ஏஜேபி கனெக்டர் (டாம்கேட்டில் கோரிக்கைகளை ஏற்கும் பகுதி) தொடங்கவே மறுக்கும்படி மாற்றியிருந்தார்கள்; எச்டிடிபிக்கான 8080 போர்ட் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

ரகசியச் சொல்லை இரு பக்கமும் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அப்பாச்சியின் ஏஜேபி மாட்யூலில் அந்த வசதி 2.4.42இல்தான் சேர்க்கப்பட்டது, என்னிடம் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. ஆகவே கோரிக்கைகளை டாம்கேட்டுக்கு அனுப்பும் 'பிராக்ஸிபாஸ்', 'பிராக்ஸிபாஸ்ரிவர்ஸ்' என்ற அப்பாச்சியின் இரண்டு அமைப்பு வரிகளை 8080க்குத் திருப்பினேன். தளம் உடனே எழுந்துவிட்டது. உண்மையான வேலை அதன் பிறகே தொடங்கியது.

கடவுச்சொல்லை மாற்றுவதற்காகப் பயனருக்குச் சென்ற மின்னஞ்சலில் இணைப்பு 'லோக்கல்ஹோஸ்ட்:8080' என்று இருந்தது. வந்தவர் கேட்ட தளப் பெயரை அப்படியே பின்னால் அனுப்பும் 'பிராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட்' என்பதை அப்பாச்சியில் இயக்கியதும் தளத்தின் பெயர் சரியாக வந்தது, ஆனால் முன்னால் எச்டிடிபிஎஸ் இல்லை, வெறும் எச்டிடிபிதான். டாம்கேட்டின் அணுகல் பதிவிலோ ஒவ்வொரு வரியும், வந்தவரின் முகவரிக்குப் பதில், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்றே தொடங்கியது. வந்தவரின் ஐபி முகவரி, கோரிக்கை மறையாக்கப்பட்டு வந்ததா என்பது போன்ற விவரங்களை ஏஜேபி தன் செய்தியிலேயே சுமந்து வந்துகொண்டிருந்தது; எச்டிடிபிக்கு மாறும்போது அவற்றை நாமே தலைப்புகளாக அனுப்ப வேண்டும். வந்தவரின் முகவரியைச் சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பை அப்பாச்சி தானாகவே சேர்க்கிறது, எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ' தலைப்பைச் சேர்ப்பதில்லை. அதை 'ரிக்வெஸ்ட்ஹெடர்' வரியால் சேர்த்து, டாம்கேட்டில் இத்தலைப்புகளைப் படித்துக்கொள்ளும் 'ரிமோட்ஐபிவால்வ்' என்ற பகுதியை அமைத்தபின் இணைப்புகள் சரியாயின. அதுவரை, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே அனுப்பச் சொல்லும் செக்யூர் குறியின்றிப் போய்க்கொண்டிருந்த செஷன் குக்கீயும் அக்குறியோடு போகத் தொடங்கியது. பதிவில் மட்டும் 127.0.0.1 அசையவில்லை. 'ரிமோட்ஐபிவால்வ்' கண்டறிந்த முகவரியைப் பதிவில் எழுத, அணுகல் பதிவு வால்வில் 'ரிக்வெஸ்ட்ஆட்ரிபியூட்ஸ்எனேபிள்ட்' என்பதையும் தனியே இயக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று.

'ரிமோட்ஐபிவால்வ்' உள் வலையமைப்பு முகவரிகளிலிருந்து வரும் தலைப்புகளை இயல்பாகவே நம்பிவிடும். ஆதலால் அதே வலையமைப்பிலுள்ள வேறொரு கணினி 8080ஐ நேரடியாக அணுகிப் போலித் தலைப்பு அனுப்ப முடியாதபடி, கனெக்டரின் முகவரியை 127.0.0.1 என்று கட்டிவைத்திருக்கிறேன்.