யார்க்ல எனக்குன்னு ஒருத்தர்

யார்க் வந்த புதுசுல ஒருநாள் நான் தண்ணி காய்ச்சி ஆறவச்சு எவர்சில்வர் தூக்குல ஊத்துறத பாத்துட்டு, கூட தங்கியிருந்த பொண்ணு "இது இங்கிலாந்து, இங்க தண்ணி சுத்தம், குழாய்லயே பிடிச்சுக் குடி"ன்னா. அவ சொன்ன விதம் சுருக்குன்னு குத்திடுச்சு, அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட பேசும்போது கூட சொல்லல.

இந்த ஊர்ல பொறந்தவங்கன்னு கேட்டா எல்லாரும் மொதல்ல சொல்றது கை ஃபாக்ஸ். 1570ல பொறந்து, 1605ல பாராளுமன்றத்தத் தகர்க்க அதுக்கு அடியில 36 பீப்பா வெடிமருந்தோட மாட்டினவர். அந்த நவம்பர் 5ஐ வருஷா வருஷம் அவர் பொம்மைய எரிச்சு, வெடி வெடிச்சுக் கொண்டாடுவாங்க. அவர் படிச்ச செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல்ல மட்டும் பழைய மாணவராச்சேன்னு அவர் பொம்மைய எரிக்க மாட்டாங்களாம், அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நவம்பர் 5 ராத்திரி ஊர் முழுக்க வெடிச் சத்தம் கேக்கும்போது எண்ணெய் தேச்சுக் குளிக்கணும் போலவே இருக்கும், லேகியம் வாசனை கூட வர்ற மாதிரி இருக்கும். கவிஞர் ஆடன், நடிகை ஜூடி டென்ச்சும் இந்த ஊர்ல பொறந்தவங்கதான்.

ஆனா எனக்கு டாக்டர் ஜான் ஸ்னோதான். 1813ல ஊஸ் ஆத்தங்கரை ஓரம் நார்த் ஸ்ட்ரீட்ல, கூலி வேலை பாத்த அப்பாவுக்குப் பொறந்த பையன். 14 வயசுல நியூகாசில்ல ஒரு டாக்டர்கிட்ட தொழில் கத்துக்கப் போயி, 1831ல காலரா வந்தப்ப நிலக்கரி சுரங்கத்து ஆளுங்களுக்கு வைத்தியம் பாத்திருக்கார். கெட்ட காத்துலதான் காலரா பரவுதுன்னு பெரிய டாக்டருங்களே நம்பின காலத்துல, இல்ல தண்ணியிலன்னு தனியா நின்னு சொன்னவர். 1854ல லண்டன் சோஹோவுல 600 பேருக்கு மேல செத்தப்ப, வீடு வீடா விசாரிச்சு, ப்ராட் ஸ்ட்ரீட் பம்ப்தான் காரணம்னு காட்டி அதோட கைப்பிடியவே கழட்ட வச்சார், அப்புறம் சாவ எல்லாம் மேப்லயும் குறிச்சுக் காட்டினார். 45 வயசுல போயிட்டார், அவர் சொன்னத எல்லாரும் ஒத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான், அத நெனச்சா இன்னும் ஆத்தாமையா இருக்கு. விக்டோரியா ராணிக்கு பிரசவத்துல வலி தெரியாம இருக்க குளோரோஃபார்ம் கொடுத்ததும் இவரேதான். இதுல எனக்கு தலைகால் புரியாத சந்தோஷம் எதுன்னா, மனுஷன் 17 வயசுலயே சைவத்துக்கு மாறினவர், தண்ணிய வாலை வடிச்சுத்தான் குடிப்பாராம். யார்க்ல பொறந்தவரே!

நார்த் ஸ்ட்ரீட்ல அவர் ஞாபகமா கைப்பிடி இல்லாத ஒரு பம்ப் வச்சிருக்காங்க. மின்ஸ்டர்ங்கிற இந்த ஊர் பெரிய சர்ச்ச பாக்க வர்ற கூட்டத்துல கால்வாசி கூட அந்தப் பக்கம் வராது. ஊர்லேர்ந்து யார் வந்தாலும் நான் மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

இந்த ஊர் பழகிடுச்சு, குளிரும் பழகிடுச்சு. ஆனா அந்த பம்ப் முன்னாடி நின்னா கண்ணு முன்னாடி வர்றது எங்க அப்பாயி வீட்டுக் கிணறுதான். வெள்ளம் வடிஞ்சதும் பஞ்சாயத்து ஆளு ப்ளீச்சிங் பவுடரோட வருவாரு. "குழம்பெல்லாம் மருந்து நாத்தம் அடிக்குது தம்பி"ன்னு அப்பாயி திட்டும், திட்டிக்கிட்டே அவருக்கு மோர் கலக்கும். அது சின்னப் புள்ளையா இருக்கும்போது தெருவுல பேதியில ஒரே வாரத்துல நாலு பேர் போனத பாத்துச்சாம், அதனால ஒருநாளும் அவர வேணாம்னு திருப்பி அனுப்புனதில்ல.